மூன்றாவது கல்லில் நின்றுபோன கதை

போன வருடம் கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழாவில் குண்டாக ஒரு புத்தகம் வாங்கினேன். மாயாஜால சாகச நாவல், 460 பக்கம். அட்டையில் வாளோடு ஒரு பையன், அவனுக்குப் பின்னால் பனி மூடிய மலை, மலைக்குப் பின்னால் கண் மட்டும் தெரிகிற ஏதோ ஒரு ஜந்து. உண்மையைச் சொன்னால் அந்தக் கண்ணுக்காகத்தான் காசு கொடுத்தேன். அன்று ராத்திரியே ஆரம்பித்தேன். முதல் நூறு பக்கம் போனதே தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு வீட்டில் திட்டு விழுந்த பிறகுதான் விளக்கை அணைத்தேன்.

கதை இதுதான். தாய் தகப்பன் இல்லாத பையன். தான் யாரென்று அவனுக்கே தெரியாது. தாடிக்காரப் பெரியவர் ஒருவர் வந்து சொல்கிறார்: ஏழு மலைகளில் ஏழு கற்கள் இருக்கின்றன, ஏழையும் சேர்த்தால்தான் நாடு பிழைக்கும். முதல் மலையில் சிவப்புக் கல். காவலுக்கு ஒரு ராட்சசப் பாம்பு. பெரியவர் எச்சரிக்கிறார், பையன் கேட்பதில்லை, கூட வந்த தோழி மாட்டிக்கொள்கிறாள், இனி அவ்வளவுதான் என்கிற நேரத்தில் பையன் கையிலுள்ள தழும்பு ஒளிர்கிறது, பாம்பு சுருள்கிறது, கல் கிடைக்கிறது. நான் கை தட்டாத குறை. இரண்டாவது மலையில் நீலக் கல். பாம்புக்குப் பதில் பறவை. எச்சரிக்கை, மீறல், தோழி, தழும்பு, கல். அப்போதும் ரசித்தேன். மூன்றாவது மலை அடிவாரத்தில் பெரியவர் தாடியைத் தடவித் தொண்டையைச் செருமினார். அடுத்த அறுபது பக்கத்தையும் படிக்காமலே படித்து முடித்துவிட்டேன். சட்டைப் பையில் காந்திபுரம் – சூலூர் பஸ் டிக்கெட் ஒன்று கிடந்தது. அதை 217-ஆம் பக்கத்தில் செருகி மூடினேன்.

புத்தகம் மோசமாக இருந்து நான் அதை விட்டிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. மோசமில்லை. நடை சரளம், சிரிக்க வைக்கிற இடங்கள் உண்டு, மலைகளைக் கண்முன் நிறுத்துகிறார் ஆசிரியர். முதல் கல்லில் எந்தச் சரக்கு எனக்குப் பிடித்ததோ அதே சரக்குதான் மூன்றாவது கல்லிலும் இருந்தது. ஒரு எழுத்துகூடத் தரம் குறையவில்லை. குறைந்தது என் பக்கத்தில்தான். அங்கே என்ன நடந்தது என்று தேடப் போனால், பதில் நூலகத்தில் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே சோமனூரில் கிடைத்திருந்தது.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறி ஓடாத தெருவைத் தேடத்தான் வேண்டும். அவளுக்குக் குழந்தை பிறந்து சில மாதம் இருக்கும்போது ஒரு நாள் அங்கே தங்கினேன். நாடா அடிக்கிற சத்தம் மண்டைக்குள்ளேயே தறி போட்ட மாதிரி இருந்தது. புரண்டு புரண்டு படுத்தேன். பக்கத்தில் தொட்டிலில் குழந்தை அசையாமல் தூங்குகிறது. நடுச்சாமம் தாண்டிக் கரண்டு போனது. தறிகள் ஒரேயடியாக நின்றன. அப்பாடா என்று எனக்குக் கண் சொருகியது. அடுத்த நிமிஷம் தொட்டிலில் அழுகை, மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார், தங்கை விளக்குத் தேடுகிறாள், எதிர்வீட்டில் ஆள் பேச்சு. தெருவே முழித்துக்கொண்டது. சத்தத்தில் தூங்கியவர்களை நிசப்தம் எழுப்பிவிட்டது.

அவர்களுடைய காது மந்தமில்லை. காது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூளைதான் ‘இது எனக்குத் தெரியும், தள்ளு’ என்று ஒதுக்கியிருந்தது. தெரிந்தது வராமல் போனதும் அதுவே செய்தியாகிவிட்டது. பழகிப்போதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்த வித்தைதான் உயிர்களின் கற்றலிலேயே ஆக எளிமையானது. இதைக் கூர்ந்து பார்க்க மனித மூளைகூட வேண்டியதில்லை, ஒரு கடல் நத்தை போதும் என்று நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டல் காட்டினார்.

அப்ளீசியா என்ற அந்த நத்தைக்கு மொத்தமே சுமார் 20,000 நரம்புச் செல்கள்தான். அதன் நீர்க்குழாயைத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப மெதுவாகத் தொட்டால், பத்துத் தடவைக்குள் இழுப்பு சோர்ந்துவிடும். தசை களைத்துப் போய்விட்டதோ என்றால் இல்லை. தொடுதலை உணர்கிற நரம்பு, அடுத்த நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவைக் குறைத்துக்கொள்கிறது. ‘ஒன்றும் ஆகாத தொடுதல், இதற்குப் போய் எதற்குச் செலவு’ என்கிற கணக்கு. வாலில் ஒரு ஷாக் கொடுத்தால் செத்துப்போயிருந்த அதே அனிச்சை மறுபடி முழு வேகத்தோடு திரும்புகிறது. நினைவு எப்படி நரம்புகளில் உட்காருகிறது என்பதற்கான இந்த வேலைக்காகத்தான் கேண்டலுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1966-ல் தாம்சன், ஸ்பென்சர் என்ற இருவர் இந்தப் பழகிப்போதலின் இயல்புகளை ஒன்பதாகத் தொகுத்தார்கள். ஒன்பதையும் ஒப்பித்து உங்களையும் அதே கதிக்கு ஆளாக்கப் போவதில்லை. மூன்று போதும். அடுத்தடுத்து வேகமாக வந்தால் சீக்கிரம் பழகும். இடைவெளி விட்டால் தானாக மீளும். ஒன்றுக்குப் பழகினால் அதைப் போன்ற இன்னொன்றுக்கும் சேர்த்தே பழகிவிடும். சிவப்புக் கல்லுக்குப் பழகியவனுக்கு நீலக் கல் பாதி பழையது, பச்சைக் கல் முக்கால்வாசிப் பழையது என்று அந்த மூன்றாவது இயல்பை நான் எழுதிக்கொள்கிறேன்.

பழகிப்போதலோடு விஷயம் முடியவில்லை. நாவல் வாசிப்பவன் வெறுமனே தொடப்படுகிற நத்தை இல்லையே. அடுத்து என்ன என்று முந்திக்கொண்டு ஊகிக்கிறவன். ஊகத்துக்கும் சந்தோஷத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைச் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில் குரங்குகளை வைத்து ஆராய்ந்தவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்கின் நாவில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும்போது, மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் படபடவென்று துடிக்கின்றன. பிறகு, சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும்படி வைத்தார்கள். சில நாளில் குரங்கு அதைக் கற்றுக்கொண்டது. இப்போது செல்கள் துடிப்பது விளக்குக்கு. சாறு வரும்போது அந்தச் செல்கள் அசைவதே இல்லை. சாறு அதே சாறு. நாவுக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் அது எதிர்பார்த்த சாறு. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய நேரத்தில் செல்களின் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே சரிகிறது. ஷுல்ட்ஸும் டயான், மாண்டேக் என்ற இருவரும் 1997-ல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தது: அந்தச் செல்கள் சொல்வது கிடைத்த பரிசின் அளவை இல்லை, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

குரங்கும் பழச்சாறும் எங்கே, நானும் நாவலும் எங்கே என்று கேட்டால் நியாயம்தான். மாயாஜால நாவல் படிப்பவர் மண்டையில் மின்முனை வைத்து யாரும் அளந்ததாக நான் சொல்லவில்லை. இது ஒப்புமை, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் என் 217-ஆம் பக்கத்தின் மேல் இது நன்றாகவே உட்காருகிறது. பெரியவர் தொண்டையைச் செருமுவதுதான் விளக்கு. தழும்பு ஒளிர்வதுதான் சாறு. மூன்றாவது தடவைக்குள் சாற்றின் மகிழ்ச்சி முழுவதும் விளக்குக்கு இடம் மாறிவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னால், இந்த மாதிரிப் புத்தகங்களை எத்தனையோ படித்த ஆளுக்கு அந்த மகிழ்ச்சி அட்டைக்கே இடம் பெயர்ந்திருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்ததும் கொடிசியாவில் எனக்கு ஏற்பட்ட பரபரப்பு இருக்கிறதே, புத்தகத்தின் மொத்த இன்பத்தில் பாதியை அங்கேயே, பில் போடும் இடத்திலேயே அனுபவித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் பிரிக்காமல் கிடப்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் புதுசு புதுசாக வந்துகொண்டே இருந்தால் போதுமா? அதுவும் நடக்காது. ஏழு, எட்டு மாதக் குழந்தைகளைத் திரைக்கு முன் உட்காரவைத்து, பெட்டிகளிலிருந்து பொருள்கள் எட்டிப் பார்க்கும் காட்சிகளைக் காட்டி, எப்போது கண்ணைத் திருப்பிக்கொள்கின்றன என்று செலஸ்ட் கிட்டும் அவருடைய சகாக்களும் கணக்கெடுத்தார்கள். 2012-ல் வெளிவந்த ஆய்வு. அடுத்தது எது என்று ரொம்ப எளிதாகத் தெரிந்துவிட்டாலும் குழந்தை திரும்பிவிடுகிறது, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வந்தாலும் திரும்பிவிடுகிறது. கொஞ்சம் பிடிபட்டுக் கொஞ்சம் நழுவுகிற இடத்தில்தான் கண் நிற்கிறது. பேச்சே வராத வயதில் இந்தக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. வாய்பாடு கொண்ட சாகச நாவல் முதல் நூறு பக்கத்தில் சரியாக அந்த இடத்தில் நம்மை உட்காரவைக்கிறது. வாய்பாட்டைக் கற்றுக்கொண்டதும் நாம் நகர்ந்துவிடுகிறோம். புத்தகம் அங்கேயே நிற்கிறது.

இங்கே ஒரு சிக்கல் வரும். வாய்பாடுதான் குற்றவாளி என்றால், அம்புலிமாமாவை என்ன சொல்வது? 1947 ஜூலையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் விக்கிரமாதித்தன் வேதாளக் கதையைவிட வாய்பாட்டுக் கதை உண்டா? மரத்தில் ஏறுவான், உடலை இறக்கித் தோளில் போடுவான், நடப்பான், வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், அவன் வாயைத் திறப்பான், வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். தொடக்கமும் முடிவும் மாதா மாதம் ஒன்றுதான். அதைப் படித்து வளர்ந்தவர்களில் யாராவது ‘மூன்றாவது மாதத்தோடு விட்டுவிட்டேன்’ என்று சொல்லிக் கேட்டதுண்டா?

என் கணிப்பு இது. வேதாளக் கதையில் சட்டம்தான் ஒன்று. உள்ளே இருக்கும் படம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் வெறும் படமில்லை, ஒரு தீர்ப்புக் கேட்கிற வழக்கு. மூன்று பேரில் யார் பெருந்தன்மையானவன், எவனுக்கு அந்தப் பெண் உரியவள் என்று கேட்டுவிட்டு வேதாளம் நிறுத்தும். நாமும் ஒரு பதிலை மனதில் வைத்திருப்போம். அரசன் வேறொன்று சொல்வான். ஊகம் ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகத் தோற்கும். என் ஏழு கல் நாவல் இதைத் தலைகீழாகச் செய்தது. கல்லின் நிறம், காவல் மிருகம், மலையின் பெயர் என்று சட்டத்தை மாற்றி மாற்றி மாட்டியது. உள்ளே படம் ஒன்றேதான். மூளை நிறத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை.

பாதியில் என்பதற்கே தனியாக ஒரு சாபமும் உண்டு. கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932-ல் ஒன்றைச் சொன்னார்: இலக்கு நெருங்க நெருங்க எலியின் ஓட்டம் வேகமெடுக்கிறது. மனிதர்களை வைத்து 2011-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இதைக் கொஞ்சம் திருத்தியது. தொடக்கத்திலும் முடிவிலும் முனைப்பு இருக்கிறது, தொய்வது நடுவில். தொடக்கத்தில் ‘எவ்வளவு வந்துவிட்டோம்’ என்று பார்க்கிறோம், கடைசியில் ‘இன்னும் எவ்வளவுதான்’ என்று பார்க்கிறோம். நடுவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தூரம். தைப்பூசத்துக்குக் கோயமுத்தூரிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்கு இதை யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியதில்லை. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பொள்ளாச்சி வரை பாட்டும் அரோகராவுமாகப் போகும். பழனி மலை கண்ணில் பட்டுவிட்டால் கொப்புளம் வெடித்த காலும் ஓடும். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில்தான் பேச்சு அடங்கி, செருப்பில்லாத காலோசை மட்டும் கேட்கும். 460 பக்கத்தில் 217 என்பது கிட்டத்தட்ட அந்த இடம்.

நடு என்ற இடமே இல்லாமல் செய்துவிட்டால்? அதைச் செய்து காட்டிய ஆள் எங்கள் ஊர்க்காரர். 1947-ல் கோவையில் பிறந்த ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். க்ரைம் நாவல்கள், மாயாஜாலமில்லை. ஆனால் வாய்பாடு என்று எடுத்துக்கொண்டால் அவருடைய வாசகர்களுக்கு அது அத்துப்படி. தனித்தனியாக இரண்டு கதை மாறி மாறி ஓடும், கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். துப்பறியும் விவேக் வருவார், அவர் மனைவி ரூபலா வருவாள். ஒவ்வொரு அத்தியாயமும் கதவு பாதி திறந்த இடத்தில் நிற்கும். இது எல்லாம் தெரிந்துதான் ஜனங்கள் காந்திபுரம் பஸ் நிலையக் கடையில் தொங்கும் பாக்கெட் நாவலை உருவி எடுத்தார்கள். சேலம் போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்துவிடும். மாசம் பிறந்தால் அடுத்தது.

தாம்சன், ஸ்பென்சர் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழகிப்போவதற்குள் முடித்துவிடுகிறார், பழகியது மீண்டு வருவதற்கு இடைவெளி விடுகிறார். அவருக்குக் கடல் நத்தையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவரை மட்டமாகப் பேசுகிற இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. பல பத்தாண்டுகள் ஒரே வாசகனைத் திரும்ப வரவைப்பதற்குள்ளே என்ன நுட்பம் இருக்கிறது என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இடைவெளியின் வேலையைப் பற்றி இன்னொரு வேடிக்கையான ஆய்வு. நெல்சன், மேவிஸ், காலக் என்ற மூவர் 2009-ல் வெளியிட்டது. டிவி நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் வந்தால் ரசனை கூடுமா குறையுமா என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில், குறையும். சோதித்தால் நேர்மாறு. விளம்பரத்தோடு பார்த்தவர்கள்தான் நிகழ்ச்சியை அதிகம் ரசித்தார்கள். விளம்பரம் நன்றாக இருந்ததால் அல்ல. பழகிக்கொண்டு வந்ததை அது கலைத்துவிட்டதால். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். முதலில் படித்தவர்களுக்கு ஒவ்வொரு அத்தியாயத் தொகுதிக்கும் நடுவே ஏழு நாள் இருந்தது. வெள்ளாமை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் நடுவில் வந்து போயின. இன்று ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாக வாங்கி, லீவு போட்டுப் படிக்கிறவர்களில் சிலர் மூன்றாம் பாகத்தில் மூச்சு வாங்கியதாகச் சொல்வதுண்டு. சாப்பாடு அதேதான், பந்தியில் உட்காரும் முறைதான் மாறிவிட்டது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தபோது அப்பிச்சி ஞாபகம் வந்தார். அம்மாவைப் பெற்றவர், ஊர் காங்கேயம் பக்கம். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு உடுக்கடிக் கதை கேட்கக் கூட்டிப் போனார். அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோயில் மைதானத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உடுக்கை அடிக்கிறவர் கதையை வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்து, திடீரென்று பாட்டாக இழுப்பார், பின்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். சற்றுமுன் வசனத்தில் சொன்னதேதான் பாட்டிலும் வரும். நான் கேட்டேன், “அப்பிச்சி, இந்தக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே?” அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், “தெரியாத கதைக்கு எவன் கண்ணு ராத்திரி முழிப்பான்?”

இந்தக் கதையின் முழு நீளத்தை ஒரு வெளியூர்க்காரர்தான் அளந்து வைத்தார். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, 1965-ல், ஒரு கதைப்பாடகர் பாடியதை முழுவதும் டேப்பில் பதிந்தார். பதினெட்டு இரவுகள், சுமார் 38 மணி நேரம். ராட்சசப் பன்றி உண்டு, வரம் உண்டு, மந்திரம் உண்டு, செத்தவர் எழுவது உண்டு. மாயாஜால சாகசக் கதைக்கு வேண்டிய எதுவும் குறைவில்லை. வாய்பாடும் குறைவில்லை. தகப்பன் குன்னுடையா கவுண்டர் காலத்தில் பங்காளிச் சண்டை, மக்கள் காலத்தில் பகைவர் சண்டை. தாய் தாமரை நாச்சியாரின் பிள்ளையில்லாக் குறை, தவம், வரம். அதே பிணக்குகள் தலைமுறை தாண்டித் திரும்ப வருகின்றன. என்னை 217-ஆம் பக்கத்தில் நிறுத்திய அதே நோய்க்கான எல்லாக் கிருமியும் இதில் உண்டு. பிறகு எப்படிப் பதினெட்டு ராத்திரி தாங்கியது?

வாய்பாடு பாடுபவருக்கு முதலில் ஒரு கருவி. 1930-களில் மில்மன் பாரி என்ற அறிஞர் யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாப் பாடகர்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெதெதோவிச் என்பவர் 12,000 அடிக்கு மேல் நீளும் ஒரு பாட்டைப் பாடினார். மனப்பாடம் செய்தா என்றால் இல்லை. ஆயத்தமாக இருக்கும் தொடர்களையும் காட்சிகளையும் கோத்துக் கோத்து அந்த நேரத்திலேயே கட்டிக்கொண்டு போனார். பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-ல் இதை விரிவாக எழுதினார். கேட்பவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. காதுக்குப் புரட்டிப் பார்க்கப் பின்பக்கம் கிடையாது. அதனால் வசனத்தில் தவறவிட்டதைப் பாட்டில் பிடித்துக்கொள்கிறான். காகிதத்தில் இதே வேலை அச்சடித்த மீள்சொல்லாகத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்குப் படுகிறது. அந்த மைதானத்தில் ஆர்வம் குறைவதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாதிப் பேர் பாதி நேரம் தூங்கினார்கள். நான் அப்பிச்சி மடியில் தூங்கினேன். சிலர் எழுந்துபோய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள், டீ குடித்தார்கள், வரப்புத் தகராறு பேசினார்கள். வரப்புத் தகராறு கதையிலும் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஏழு கற்களில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது, பங்காளி மண்ணைப் பிடுங்குவதில் அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் வழக்கு இருந்தது. கொம்பன் பன்றி வரும் கட்டத்தில் அப்பிச்சி என் தோளைத் தட்டினார். “எந்திரி கண்ணு, கொம்பன் வந்துட்டான்.” பொன்னாச்சி என்ற சின்ன நாய் அந்த மலை போன்ற பன்றியை மடக்கியதைத்தான் இன்றைக்கும் நான் முழுசாகச் சொல்வேன். முன்னும் பின்னும் தூங்கியதில் எனக்கு நஷ்டமில்லை. புத்தகம் படிக்கிறவனோ ஒரு வரி தூங்கினால்கூடக் குற்ற உணர்ச்சியோடு மேலே போய் மறுபடி படிக்கிறான்.

முடிவு தெரிந்திருப்பதும் தடையாக இல்லை. அண்ணன்மார் சாவார்கள், அவர்கள் தங்கை தங்காள் தேடிக்கொண்டு வருவாள், எழுப்புவாள் என்பது தெரியாதவர் கொங்கு நாட்டில் யார்? படுகளம் நடக்கும் ஊர்களில் ஆட்கள் அருள் வந்து பிணமாக விழுவதும் மறுபடி எழுப்பப்படுவதும் ஆண்டுக்காண்டு நடக்கிறது. லெவிட், கிரிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011-ல் பன்னிரண்டு சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். திருப்பமே உயிராக இருக்கிற கதைகளில்கூட, முடிவு தெரிந்து படித்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்கள். எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ‘என்ன நடக்கும்’ என்ற கேள்வி கழன்றதும் ‘எப்படி நடக்கிறது’ என்று பார்க்கக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பதை நான் என் மேலேயே சோதித்துவிட்டேன், திட்டமிடாமல்.

இந்த மே மாத லீவுக்கு வந்த தங்கை மகன், அன்றைக்குத் தறி நின்றதும் அழுத அதே பிள்ளை, இப்போது ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான், என் மேஜையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். நாலே நாளில் முடித்தான். மூன்றாவது கல்லில் அலுக்கவில்லையா என்று கேட்டேன். எதற்கு அலுக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் படிக்கும் முதல் சாகச நாவல் அது. நான் அம்புலிமாமா, முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து கற்றுக்கொண்டு வந்த வாய்பாட்டை அவன் அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான், “மாமா, அஞ்சாவது கல்லுல அந்தத் தாத்தா செத்துருவாரு. தழும்பு எரியாது.”

நத்தை வாலில் ஷாக். ஆசிரியர் அதை வைத்திருந்தார்தான், 330-ஆம் பக்கத்துக்கு அப்பால். என்னைப் போன்ற ஆள் அதுவரை வரமாட்டான் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். மூன்றாவது கல்லிலேயே வைத்திருக்க வேண்டிய அடி அது.

அன்றைக்கு ராத்திரி 217-ஐத் திறந்தேன். சாகப்போகிற மனிதர் என்று தெரிந்து பார்த்தபோது, பெரியவர் தாடியைத் தடவுவது வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கல் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் டிக்கெட் இப்போது 388-ஆம் பக்கத்தில் இருக்கிறது.